பழைய பதிப்பிலேயே தொடர்வதா, புதியதற்கு மாறுவதா?

கோவையில் பம்ப் பாகங்களுக்கும் அவற்றின் வார்ப்புக்கான பேட்டர்ன்களுக்கும் (மணல் அச்சு எடுக்க உதவும் மாதிரி உருவங்கள்) டிசைன் செய்து தரும் சிறிய அலுவலகம் ஒன்றை நடத்தும் வாசகர் எழுதியிருக்கிறார். அவரிடம் சாலிட்வொர்க்ஸ் என்ற முப்பரிமாண டிசைன் மென்பொருளுக்கு மூன்று நிரந்தர லைசென்ஸ்கள் உள்ளன. ஆண்டுப் பராமரிப்புச் சந்தாவை 2018-ஆம் ஆண்டில் நிறுத்திவிட்டதால், மூன்று கணினிகளிலும் 2018 பதிப்பே ஓடுகிறது. வருமானத்தில் பாதிக்கு மேல் தரும் ஓசூர் வாடிக்கையாளர் இப்போது 2024 பதிப்புக்கு மாறிவிட்டார். அங்கிருந்து வரும் கோப்புகள் இவருடைய கணினிகளில் திறப்பதில்லை. பல டிசைன் மென்பொருள்களும் திறக்கக்கூடிய பொது வடிவமான ஸ்டெப் கோப்பாக வாங்கிச் சமாளிக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு வார்ப்பும் இறுதியாவதற்குள் நான்கைந்து முறை திருத்தப்படுகிறது. ஒவ்வொரு முறையும் பேட்டர்ன் மாடலை முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கிறது.

விற்பனை முகவர், விட்டுப்போன ஆண்டுகளின் கட்டணத்தையும் சேர்த்து ஒரு கொட்டேஷன் தந்திருக்கிறார். மார்ச் 31-க்குள் பணம் கட்டினால் தள்ளுபடி என்றும், பழைய பதிப்பை இனி வைத்திருப்பதே சட்டப்படி சரியில்லை என்றும் சொல்லியிருக்கிறார். அலுவலகத்தின் இளைய பொறியாளர் மாறியே ஆக வேண்டும் என்கிறார். மூத்த வரைவாளர், இத்தனை ஆண்டுக் கோப்புகளும் கெட்டுப்போகும் என்று அஞ்சுகிறார். மைத்துனரோ, கிராக் செய்த புதிய பதிப்பை ஒரு கணினியில் மட்டும் போட்டுக்கொண்டால் போதும் என்கிறார். "ஆட்டோகேட்டில் பழைய பதிப்பில் சேமித்து அனுப்புங்கள் என்றால் அனுப்பிவிடுகிறார்கள், இதில் மட்டும் ஏன் முடியாது? ஒரே ஒரு புதிய லைசென்ஸ் வாங்கி ஓட்ட முடியாதா? இல்லை, கடன் வாங்கியாவது மூன்றையும் புதுப்பித்துவிடுவதா?" என்பது வாசகரின் கேள்வி.

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் மனத்தை அழுத்திக்கொண்டிருக்கும் ஒரு பயத்தை எடுத்துவிடுகிறேன். நீங்கள் பணம் கொடுத்து வாங்கியது நிரந்தர லைசென்ஸ். சந்தா நின்றதால் புதிய பதிப்புகளையும் தொழில்நுட்ப உதவியையும் பெறும் உரிமைதான் நின்றது. கடைசியாக உங்களுக்குக் கிடைத்த 2018 பதிப்பைப் பயன்படுத்தும் உரிமை நிற்கவில்லை. சட்டப்படி வாங்கிய மென்பொருளுக்குப் பாதுகாப்புப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளவும் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2016-ஆம் ஆண்டோடு புதிய நிரந்தர லைசென்ஸ் விற்பதை நிறுத்தியதிலிருந்து, எல்லா மென்பொருளிலும் பழைய லைசென்ஸ் செல்லாது என்ற பேச்சு நம் தொழிலில் பரவிக் கிடக்கிறது. அங்கும்கூட, விற்பனையைத்தான் நிறுத்தினார்களே தவிர, ஏற்கெனவே வாங்கியவர்களின் உரிமையைப் பறிக்கவில்லை. ஆகவே மார்ச் 31 என்பது உங்கள் முகவரின் விற்பனைக் கணக்கு முடியும் நாள். உங்கள் லைசென்ஸ் முடியும் நாள் அன்று. பழையதை வைத்திருப்பது சட்டப்படி தவறு என்று அவர் மறுபடியும் சொன்னால், எந்த ஒப்பந்த விதியின்படி என்று மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

லைசென்ஸ் வாங்கியபோது வந்த பில்லையும் வரிசை எண்களையும் மட்டும் பத்திரப்படுத்துங்கள். கணினியை மாற்றும்போதோ ஃபார்மேட் செய்யும்போதோ, அதற்கு முன்பே பழைய கணினியில் லைசென்ஸை டீஆக்டிவேட் செய்து, அதாவது அந்தக் கணினியிலிருந்து விடுவித்துவிட வேண்டும். ஹார்ட் டிஸ்க் பழுதாகி, டீஆக்டிவேட் செய்ய வழியில்லாமல் போன பிறகு, சந்தாவும் இல்லாத நிலையில் உதவி கேட்டு நிற்பது சிரமம்.

ஆட்டோகேட்டில் முடிவது இதில் ஏன் முடிவதில்லை

உங்கள் கேள்விகளில் மிக நியாயமானது இதுதான். ஆட்டோகேட்டின் டிடபிள்யூஜி கோப்பு வடிவம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் மாறியது. 2018-இல் வந்த வடிவமே 2025 பதிப்பு வரை தொடர்கிறது. ஒரு டிடபிள்யூஜி கோப்பை நோட்பேடில் திறந்து முதல் ஆறு எழுத்துகளைப் பாருங்கள். 'ஏசி1032' என்று இருந்தால் அது 2018 வடிவம். உங்கள் வாடிக்கையாளர் நேற்று 2025 பதிப்பில் வரைந்த கோப்பிலும் அதே ஆறு எழுத்துகள்தான் இருக்கும். அதனால்தான் உங்கள் பழைய ஆட்டோகேட் இன்றும் தடுமாறாமல் திறக்கிறது. மேலும், அந்தக் கோப்பில் இருப்பவை கோடுகளும் வட்டங்களும் எழுத்துகளும். அவற்றைப் பழைய வடிவத்தில் எழுதித் தருவது எளிது.

சாலிட்வொர்க்ஸ் பார்ட் கோப்பில் (ஒரு தனிப் பாகத்தின் கோப்பு) இருப்பது முடிந்த உருவம் மட்டும் அன்று. முதலில் எந்த ஸ்கெட்ச், அதை எவ்வளவு நீட்டியது, எந்த விளிம்பில் எவ்வளவு ஃபில்லெட் (விளிம்பின் வளைவு), எந்த முகத்தில் எத்தனை டிகிரி டிராஃப்ட் (சாய்வு) என்று, செய்த வரிசை முழுவதும் ஃபீச்சர் மரமாக அதில் இருக்கிறது. ஆண்டுதோறும் வரும் புதிய பதிப்பில் அந்த ஃபீச்சர்களும் அவற்றைக் கணக்கிடும் முறையும் மாறுகின்றன. கோப்பு வடிவமும் ஆண்டுதோறும் மாறுகிறது. புதிய பதிப்பு பழைய கோப்பைத் திறக்கும். பழைய பதிப்பால் புதிய கோப்பைத் திறந்து திருத்த முடியாது. 2024 பதிப்பில்தான் முதன்முறையாகப் பழைய பதிப்பாகச் சேமிக்கும் வசதி வந்தது. அதுவும் இரண்டு பதிப்புகள் பின்னால் வரை மட்டுமே. ஓசூர்க்காரர் எவ்வளவு மனம் வைத்தாலும் 2022 வரைதான் இறக்கித் தர முடியும். 2018-க்கு வழியில்லை.

ஒரே ஒரு புதிய லைசென்ஸ் போதுமா

போதும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் நான் பார்த்த சிறிய அலுவலகங்களில் அதிகச் சேதம் இந்த அரைகுறை மாற்றத்தால்தான் நேர்ந்திருக்கிறது. மூன்று பேரும் ஒரே சர்வர் ஃபோல்டரில் வேலை செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். புதிய பதிப்பு உள்ள கணினியில் ஒருவர் ஓர் அசெம்பிளியை (பல பாகங்களை இணைத்த கோப்பு) திறந்து, ஒரு போல்ட்டை மாற்றிச் சேமிக்கிறார். அந்த அசெம்பிளியும், அதனோடு சேர்ந்து சேமிக்கப்பட்ட பார்ட்டுகளும் அந்த நொடியே புதிய பதிப்புக்குப் போய்விடும். மறுநாள் அதே இம்பெல்லரை (பம்ப்பின் சுழலும் சக்கரம்) வேறொரு வாடிக்கையாளரின் பம்ப்புக்காக மற்ற இரண்டு கணினிகளில் திறந்தால், 'பின்னாளைய பதிப்பில் சேமிக்கப்பட்ட கோப்பு' என்ற செய்திதான் வரும். யார் மேலும் தவறில்லாமலே வேலை நின்றுவிடும்.

டூல்பாக்ஸ் எனும் பொதுப் பாகங்களின் தொகுப்பு விஷயத்தில் இது இன்னும் கொடுமையாக இருக்கும். போல்ட், நட்டு, வாஷர் கோப்புகளை எல்லோரும் பொதுவான ஒரே ஃபோல்டரிலிருந்து எடுக்கிறோம். அந்த ஃபோல்டரைப் புதிய பதிப்பு தன் வடிவத்துக்கு மாற்றிவிட்டால் பழைய பதிப்புக்கு அது பயன்படாது. டூல்பாக்ஸ் தொடர்பு குழம்பிய அசெம்பிளியைத் திறந்தால், எம்8 போல்ட் இருந்த இடத்தில் பம்ப்பையே மறைக்கும் அளவுக்குப் பெரிய போல்ட் ஒன்று நிற்பதை உங்கள் வரைவாளரே பார்த்திருப்பார். கேட்ட அளவு கிடைக்காதபோது மென்பொருள் அந்தக் கோப்பின் இயல்பு அளவை எடுத்துப் போடுவதால் வருவது அது. அவருடைய பயத்துக்கு இப்படிப்பட்ட அனுபவங்கள் காரணமாக இருக்கலாம். அதை வயதின் தயக்கம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

ஆகவே, இரண்டு பதிப்புகளை ஒரே அலுவலகத்தில் வைத்துக்கொள்ளவே கூடாது என்பதில்லை. வாடிக்கையாளர் வாரியாகப் பிரித்தால்தான் வைத்துக்கொள்ளலாம். ஓசூர் வேலை முழுவதும் ஒரு பதிப்பில், தனி ஃபோல்டரில், தனி டூல்பாக்ஸோடு இருக்க வேண்டும். அங்கிருந்து ஒரு பார்ட்கூட மற்ற வேலைக்குள் வரக்கூடாது; வர வேண்டுமானால் ஸ்டெப் அல்லது அதுபோன்ற பாராசாலிட் கோப்பாகத்தான் வர வேண்டும்.

ஓசூருக்கு உண்மையில் என்ன தேவை

இந்தக் கேள்விக்கு உங்கள் கடிதத்தில் பதில் இல்லை. அவர்கள் 2024 கோப்பு அனுப்புகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களிடமிருந்து எதைத் திரும்பப் பெற விரும்புகிறார்கள் என்று எழுதவில்லை. பர்ச்சேஸ் ஆர்டரில் 'நேட்டிவ் கோப்பு தர வேண்டும்' என்ற வரி இருந்தால், அதாவது ஃபீச்சர் மரத்தோடு கூடிய சாலிட்வொர்க்ஸ் கோப்பையே கேட்டிருந்தால், உங்கள் 2018 கோப்பை அவர்கள் 2024-இல் திறந்துகொள்வார்கள் என்பதால் ஒரு வழியாகச் சமாளிக்கலாம். ஆனால் அவர்கள் அதைத் திருத்திச் சேமித்துத் திருப்பி அனுப்பிய மறுகணம் அது உங்கள் கைக்கு எட்டாமல் போய்விடும். அவர்களுக்கு பேட்டர்னும் கோர் பாக்ஸும் (உள் வெற்றிடத்துக்கான மணல் கோரைச் செய்யும் பெட்டி) சரியான அளவில் கைக்கு வந்தால் போதுமென்றால், ஸ்டெப் கோப்பும் பிடிஎஃப் டிராயிங்கும் தாராளமாகப் போதும். ஸ்டெப்பின் ஒரு வகையான ஏபி214 கோப்பில் உருவம் வந்துவிடும். டாலரன்ஸ், மேற்பரப்புத் தரம், மெஷினிங் குறிகள் எல்லாம் டிராயிங்கில்தான் இருக்கும் என்பதால் இரண்டையும் ஒரே திருத்த எண்ணோடு வாங்குவதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

ஆனால் உங்கள் கடிதத்தில், நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன திருத்தங்கள்தான் என்னை யோசிக்க வைத்தன. வார்ப்பு மாடலிலிருந்து பேட்டர்ன் மாடல் செய்யும்போது, உலோகம் ஆறும்போது சுருங்குவதற்காக அளவைக் கூட்டுகிறீர்கள் (சாம்பல் வார்ப்பிரும்புக்கு ஏறத்தாழ 1 சதவீதம்), மெஷினிங் செய்யும் முகங்களில் அலவன்ஸ் (கடைந்தெடுக்க விடும் கூடுதல் தடிமன்) ஏற்றுகிறீர்கள், நெடு முகங்களுக்கு டிராஃப்ட் கொடுக்கிறீர்கள், அச்சின் இரு பாதிகளும் சேரும் பார்ட்டிங் கோட்டில் பிரிக்கிறீர்கள். நேட்டிவ் கோப்பை அடிப்படையாக வைத்து இவற்றைச் செய்திருந்தால், வாடிக்கையாளர் ஃபிளேஞ்சின் தடிமனை 2 மில்லிமீட்டர் கூட்டும்போது உங்கள் பேட்டர்னும் பெரும்பாலும் தானே மாறிக்கொள்ளும். ஸ்டெப் கோப்பில் அப்படி நடக்காது. திருத்திய ஸ்டெப் கோப்பு, மென்பொருளின் கண்ணுக்கு முற்றிலும் புதிய உருவம். பழைய உருவத்தின் எந்த முகம் இதில் எந்த முகம் என்று அதற்குத் தெரியாது. நீங்கள் கொடுத்த டிராஃப்ட்டும் அலவன்ஸும் பிடித்து நிற்க முகம் இல்லாமல் ஒவ்வொன்றாகச் சிவப்புக் குறி காட்டும். உங்கள் ஆட்கள் முதலிலிருந்து செய்வதற்குக் காரணம் இதுதான். அவர்களுடைய வேகக் குறைவு அன்று.

எனவே, புதுப்பிப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியது, இந்த மறுவேலைக்குப் போகும் நாள்களின் கணக்குதான். கடந்த ஆறு மாத ஓசூர் வேலைகளை எடுங்கள். ஒவ்வொரு வார்ப்பிலும் எத்தனை திருத்தம், ஒவ்வொரு திருத்தத்துக்கும் மறுவேலையாக எத்தனை மனித நாள் என்று உங்கள் வரைவாளரோடு உட்கார்ந்து எழுதுங்கள். அந்த நாள்களுக்கு நீங்கள் கொடுத்த சம்பளத்தையும், அந்த நாள்களில் எடுக்க முடியாமல் விட்ட வேலையையும் கூட்டி, கொட்டேஷன் தொகைக்குப் பக்கத்தில் வையுங்கள். புதிய பதிப்பில் வந்திருக்கும் வசதிகளின் பட்டியலை முகவர் காட்டுவார். நல்ல வசதிகள்தான், ஆனால் உங்கள் முடிவுக்கு அவற்றால் பெரிய எடை கிடையாது.

மைத்துனர் சொல்லும் வழி

தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் மென்பொருளைப் பயன்படுத்தினால், பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி குறைந்தது 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தொழில் லாபத்துக்காகப் பயன்படுத்தவில்லை என்றால் மட்டுமே நீதிமன்றம் சிறைத் தண்டனையைத் தவிர்க்க இடமிருக்கிறது. அந்தச் சலுகை உங்களுக்குப் பொருந்தாது. 64-ஆம் பிரிவின்படி சார்பு ஆய்வாளர் நிலையிலுள்ள காவல் அதிகாரி வாரண்ட் இல்லாமலே திருட்டுப் பிரதிகளைப் பறிமுதல் செய்யலாம். பறிமுதலாகும் கணினியில் உங்கள் வாடிக்கையாளர்களின் டிராயிங்குகளும் இருக்கும் என்பதையும், அவர்களோடு நீங்கள் கையெழுத்திட்ட ரகசியக் காப்பு ஒப்பந்தத்தையும் நினைத்துப் பாருங்கள். இன்றைய டிசைன் மென்பொருள்கள் பல, இணையத்தில் இணைந்ததும் தாம் எந்த லைசென்ஸில் ஓடுகின்றன என்ற தகவலைத் தயாரிப்பாளருக்கு அனுப்பிவிடுகின்றன. மூன்று லைசென்ஸையும் பணம் கொடுத்து வாங்கி நேர்மையாகத் தொழில் செய்துவரும் நீங்கள், நான்காவது ஒன்றுக்காக அந்தப் பெயரைப் பணயம் வைக்க வேண்டாம்.

என் பரிந்துரை

நீங்கள் எழுதியிருக்கும் திருத்தங்களின் அளவை வைத்துப் பார்க்கும்போது, ஓசூர் வேலைக்கு மாறுவதே நல்லது என்று நினைக்கிறேன். ஆனால் மூன்றையும் மாற்ற வேண்டாம். உங்கள் லைசென்ஸ்கள் தனித்தனி வரிசை எண் உடையவையாக இருந்தால், இரண்டை மட்டும் புதுப்பித்து ஓசூர் வேலை முழுவதையும் அவற்றுக்கு மாற்றுங்கள். மூன்றாவதை மற்ற வாடிக்கையாளர்களுக்காகவும் பழைய கோப்புகளுக்காகவும் 2018-இலேயே விட்டுவிடுங்கள். நான் மேலே சொன்ன ஃபோல்டர் பிரிவினையை மூன்று பேரும் கறாராகக் கடைப்பிடிக்க முடியாது என்று உங்களுக்குத் தோன்றினால் மட்டும், மூன்றையும் ஒரே நாளில் மாற்றுங்கள்.

மாறும்போது, சந்தையில் இருக்கும் மிகப் புதிய பதிப்பை நிறுவ வேண்டாம். வாடிக்கையாளரின் பதிப்பான 2024-ஐ நிறுவுங்கள். நீங்கள் ஒரு படி மேலே போனால், ஒவ்வொரு முறையும் பழைய பதிப்பாகச் சேமித்து அனுப்பினால்தான் உங்கள் கோப்பை அவர்கள் திறக்க முடியும் என்ற நிலை வந்து, இதே சிக்கல் திசை மாறி நிற்கும். நடப்பு லைசென்ஸில் முந்தைய பதிப்புகளையும் நிறுவிக்கொள்ள முடியும். அதையும் கொட்டேஷனிலேயே எழுதித் தரக் கேளுங்கள். விட்டுப்போன ஆண்டுகளின் கட்டணம் பேசிக் குறைக்கக்கூடியது. அதோடு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் எடுக்கும் லைசென்ஸின் விலையையும் கேட்டு ஒப்பிடுங்கள். அதில் ஓர் ஆபத்து உண்டு: காலம் முடிந்து நீங்கள் புதுப்பிக்காவிட்டால், அந்த மாதங்களில் செய்த கோப்புகள் எல்லாம் உங்கள் 2018-ஆல் திறக்க முடியாதவையாக நிற்கும். இரண்டு வகையிலும் 18 சதவீத ஜிஎஸ்டி வரும். நீங்கள் பதிவு பெற்றவராக இருந்தால் அதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம் என்பதால், கடன் கணக்குப் போடும்போது அதைச் செலவில் சேர்க்காதீர்கள்.

மாற்றத்தை உங்கள் மூத்த வரைவாளரின் பொறுப்பில் விடுங்கள். எது கெடும் என்று அவருக்குத்தான் தெரியும். முதலில் எல்லாக் கோப்புகளுக்கும் வெளி டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வைத்துவிட வேண்டும். பிறகு, உங்களிடம் இருப்பதிலேயே சிக்கலான வால்யூட் கேசிங் (பம்ப்பின் சுருள் வடிவ உறை) ஒன்றின் நகலைப் புதிய பதிப்பில் திறந்து, கண்ட்ரோல் கியூ அழுத்தி முழுவதுமாக மறுகட்டமைப்புச் செய்து பாருங்கள். வால்யூட்டின் நாக்குப் பகுதியில், இரண்டு ஃபில்லெட்டுகள் கூடும் இடத்தில்தான் பெரும்பாலும் முதலில் பிழை காட்டும். பிழை காட்டாமலே உருவம் சற்று மாறியிருக்கவும் வாய்ப்புண்டு. அதனால் மாற்றத்துக்கு முன்பும் பின்பும் எடையையும் கன அளவையும் குறித்து ஒப்பிடுவது அவசியம். மேக்ரோக்கள் (வேலைகளைத் தானாகச் செய்ய எழுதிய சிறு நிரல்கள்) ஓடாவிட்டால் பதற வேண்டாம். பெரும்பாலும் அவை 2018-இன் நூலகக் கோப்பைத் தேடிக்கொண்டிருக்கும். ரெஃபரன்ஸ் பட்டியலில் 'மிஸ்ஸிங்' என்று காட்டும் வரியை 2024-க்கு மாற்றினால் அநேகமாகச் சரியாகிவிடும். நடப்பு வேலைகளின் கோப்புகளை மட்டும் மாற்றுங்கள். முடிந்துபோன வேலைகளைத் தொட வேண்டாம். தேவைப்படும் அன்று மாற்றிக்கொள்ளலாம்.

கணினியைப் பற்றி ஒன்று. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 2018 பதிப்பு வெளிவந்தபோது விண்டோஸ் 11 என்பதே இல்லை. ஆகவே பழைய பதிப்போடு நிறுத்திக்கொள்ளும் மூன்றாவது கணினியை இணையத்திலிருந்து விலக்கி, அலுவலக நெட்வொர்க்கில் மட்டும் வைப்பது பாதுகாப்பானது. மற்ற இரண்டுக்கும் புதிய கணினி வாங்குவதானால், மாடலிங் வேலையின் பெரும்பகுதி பிராசஸரின் ஒரே கோரில்தான் ஓடும் என்பதை நினைவில் கொண்டு, கோர்களின் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகத்துக்குப் பணம் கொடுங்கள்.

கொட்டேஷனில் கையெழுத்துப் போடுமுன் ஓசூரின் டிசைன் மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நேட்டிவ் கோப்பு உங்களிடமிருந்து அவர்களுக்குக் கட்டாயமா, அடுத்து எந்தப் பதிப்புக்கு எப்போது மாறப்போகிறார்கள், உங்கள் திருத்த வேலை வேகமாகும் என்றால் அடுத்த ஓராண்டு வேலைக்கு உறுதி தருவார்களா என்று அதில் கேளுங்கள். இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். அவர்கள் இன்னும் சில மாதங்களில் 2026-க்கு மாறுவதாக இருந்தால், 2024-க்கென்று நீங்கள் இப்போது செய்யும் மாற்றத்தை மறுபடியும் செய்ய நேரும். பதில் எழுத்தில் வந்த பிறகு முகவரோடு பேரம் பேசுங்கள். கடன் எவ்வளவு வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரியும்.